கவிஞர் பால் லாரன்ஸ் டன்பார்

அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சார்ந்த ஒஹையோ மாகாணத்தில் டேட்டன் என்னும் நகரம் உளது. ஆகாய விமானத்தை இயற்றிய ரைட் சகோதரர்களின் ஊர் அஃது என்பதை நம் கல்லூரி மாணவர் பலரும் அறிவர். அச்சகோதரருள் இளையவரான ஆர்வில் ரைட் அந்நகரின் உயர்தரப் பாடசாலையிற் பயின்ற நாளில், அவர் வகுப்பில் கறுப்பினத்துப் பிள்ளை ஒருவர் இருந்தார். வகுப்பு முழுவதிலும் அந்நிறத்தார் அவர் ஒருவரே. பின்னாளில் நாடெங்கும் பெயர் விளங்கப் பாடி, முப்பத்து மூன்றாம் வயதிலேயே உயிர் நீத்த கவிஞர் பால் லாரன்ஸ் டன்பார் அவரே. புகழ் கிட்டாமையால் வாடிய புலவர்களின் வரலாறுகளை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். டன்பாரோ தமக்குக் கிட்டிய புகழாலேயே வாடியவர். அஃது எங்ஙனம் நேர்ந்தது என்பதை ஈண்டுக் கூற முயல்வேன்.

அவர் 1872-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 27-ஆம் நாள் பிறந்தார். தந்தை ஜோஷுவா, தாய் மெட்டில்டா. இருவரும் கென்டக்கி மாகாணத்தில் அடிமைகளாய் இருந்தவர்கள். ஜோஷுவா தம் எசமானரிடமிருந்து தப்பிக் கனடா நாட்டிற்கு ஓடினார். உள்நாட்டுப் போர் மூண்டதும் அந்தப் பாதுகாப்பான இடத்தை விட்டு மீண்டு வந்து, மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்தார் திரட்டிய கறுப்பர் படையிற் சேர்ந்து போர் புரிந்தார். தப்பிச் சென்ற அடிமை, தன்னைக் கட்டி வைத்திருந்த நாட்டுக்கே துப்பாக்கி ஏந்தி மீண்டும் வருதல் எளிய செயலன்று. இத்தகைய வீரர்களைக் குறித்து மகன் பிற்காலத்திற் பாடிய பாட்டொன்றில் தந்தையின் சாயல் நன்கு தெரியும். ஆயினும் இல்லற வாழ்வு நிலைக்கவில்லை. பெற்றோர் பிரிந்தனர், பால் சிறுவனாய் இருக்கும்போதே, 1885-ஆம் ஆண்டில், தந்தை இறந்தார்.

மெட்டில்டா அம்மையார் பிறர் ஆடைகளை வெளுத்துக் கொடுத்து மகனை வளர்த்தார். விடுதலை பெற்ற பின்னரே எழுத்தறிந்த அவ்வம்மையார், மகன் பள்ளியிற் சேருமுன்பே அவனுக்குப் படிக்கக் கற்பித்தார். அவன் ஒரு போதகராய் வரவேண்டும் என்பது அவர் ஆசை. மாலை வேளைகளில், கென்டக்கியில் தாம் அடிமையாய் இருந்த காலத்துக் கதைகளை அக்காலத்துப் பேச்சு நடையிலேயே மகனுக்குச் சொல்வார். சவுக்கடியையும் பிரிவையும் பெரிதும் மறைத்து, ஆட்டமும் பாட்டும் விருந்தும் நிறைந்த பகுதிகளையே மிகுதியாகச் சொன்னார் என்பர். தாயுள்ளம் அங்ஙனம் மறைத்தது இயல்பே. தென்னாட்டுத் தோட்ட வாழ்வை ஒருநாளும் நேரிற் கண்டிராத டன்பார், அவ்வாழ்வைப் பாடும் கவிஞர் எனப் பெயர் பெறுதற்கு இந்த மாலைநேரக் கதைகளே முதலாயின என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

பாடசாலையில் அவர் இலக்கியச் சங்கத்திற்குத் தலைவராகவும், மாணவர் பத்திரிகைக்கு ஆசிரியராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1890-ஆம் ஆண்டில் டேட்டன் நகரக் கறுப்பினத்தாருக்கென அவர் ஒரு வாரத்தாள் தொடங்கினார். அதனை அச்சிட்டுத் தந்தவர்கள் ரைட் சகோதரர்களே. அந்நாளில் அவர்கள் அச்சகம் நடத்தி வந்தனர். பணமின்மையால் அத்தாள் சில வாரங்களில் நின்றுபோயிற்று. 1891-ஆம் ஆண்டில் அவர் பள்ளிப் படிப்பை முடித்தபோது, பிரிவு விழாவில் மாணவர் பாடிய பாட்டும் அவர் இயற்றியதே.

இத்துணைச் சிறப்புடன் வெளிவந்த மாணவர்க்குக் கிடைத்த வேலை யாது? பத்திரிகை அலுவலகங்களிலும் வழக்கறிஞர் அலுவலகங்களிலும் அவர் வேலை தேடி அலைந்தார். நிறத்தைக் கண்டவுடனே கதவுகள் மூடின. ஈற்றில் நகரிலுள்ள காலஹன் என்னும் மாடக் கட்டடத்தில், ஆட்களை மேல்மாடிக்கு ஏற்றி இறக்கும் லிப்டை இயக்கும் வேலை வாரம் 4 டாலர் ஊதியத்திற் கிட்டியது. ஏறுவாரும் இறங்குவாரும் இல்லாத இடைவேளைகளில் அவர் அப்பெட்டிக்குள் அமர்ந்து ஷேக்ஸ்பியர், கீட்ஸ், டென்னிஸன் முதலியோரின் நூல்களைப் படித்தார், தாமும் எழுதினார். நின்ற இடத்திலேயே நாளெல்லாம் மேலுங் கீழுமாய்ச் சென்று, எவ்விடத்தையும் அடையாத அவ்வேலையைப் பற்றி நான் படிக்குந்தோறும் எனக்கு ஒருவித மூச்சுத் திணறல் உண்டாவதுண்டு.

1892-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள், அதாவது அவருடைய இருபதாம் பிறந்தநாளன்று, மேல்நாட்டு எழுத்தாளர் சங்கத்தார் டேட்டனிற் கூடினர். அவர்க்கு முன்னாளிற் கற்பித்த ஆசிரியை ஒருவர், வரவேற்புப் பா ஒன்று பாட அவருக்கு வாய்ப்பளித்தார். டன்பார் லிப்ட் வேலையினின்றும் சிறிது நேரம் விடுப்புப் பெற்று வந்து, மேடையேறித் தம் பாட்டைப் பாடினார். அவையோர் வியந்து இவர் யாவர் என வினவுமுன் வேலைக்குத் திரும்பிச் சென்றுவிட்டார். மறுநாள் ஜேம்ஸ் நியூட்டன் மாத்தியூஸ் என்னும் கவிஞரும் பிறரும் அவரைத் தேடிச் சென்று, லிப்டின் கயிற்றருகே கண்டனர். மாத்தியூஸ் அவரைப் பற்றி எழுதிய கடிதம் பல பத்திரிகைகளில் வெளிவந்தது. அவ்வாண்டு முடிவில் டன்பார் தம் முதற் கவிதை நூலை அச்சிடத் துணிந்தார். செலவு 125 டாலர். கையில் ஒன்றுமில்லை. அச்சகத்தார் ஒருவர் பொறுப்பேற்று உதவினார். லிப்டில் ஏறியவர்களிடமே ஒரு பிரதி 1 டாலராக விற்று, சில வாரங்களுக்குள் அக்கடனை அடைத்துவிட்டார்.

அடுத்த ஆண்டு சிக்காகோ நகரில் உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. வேலை தேடி அங்குச் சென்ற டன்பாருக்கு, அடிமை விடுதலைக்காக வாழ்நாளெல்லாம் முழங்கிய பெரியார் பிரெடரிக் டக்ளஸின் தொடர்பு கிட்டியது. ஹைட்டி நாட்டுக் காட்சிச்சாலைக்கு டக்ளஸ் பொறுப்பாளராய் இருந்தார். அவர் டன்பாரை எழுத்தராக அமர்த்தி, வாரந்தோறும் 5 டாலர் தம் சொந்தப் பணத்திலிருந்தே கொடுத்து வந்தார். கறுப்பினத்தார்க்கென ஒதுக்கப்பெற்ற நாளில் முதியவர் டக்ளஸ் பேச, இளையவர் டன்பார் பாடினார். தம் இனத்து இளைஞருள் இவரே மிக்க நம்பிக்கைக்குரியவர் என டக்ளஸ் பலரிடமும் கூறினார். இரண்டு ஆண்டுகளுக்குள் அவர் இறந்தபோது டன்பார் இரங்கற்பா இயற்றினார்.

இனி நம் வரலாற்றின் நடுவிடத்திற்கு வருகிறோம். அதற்குமுன், அக்கால அமெரிக்க இலக்கியத்திலும் நாடக மேடையிலும் கறுப்பர் எங்ஙனம் தீட்டப்பட்டனர் என்பதைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதி தொடங்கியே, வெள்ளையர் கரித்த தக்கையை முகத்திற் பூசிக்கொண்டு, கறுப்பரைப்போல் உளறியும் ஆடியும் நகைப்பூட்டும் மின்ஸ்ட்ரல் கூத்துக்கள் அந்நாட்டு நகரங்களில் மிகப் பரவியிருந்தன. போருக்குப் பின்னர், தோற்ற தென்னாட்டார் சிலர் எழுதிய கதைகள் வேறொரு படத்தைத் தந்தன. தாமஸ் நெல்ஸன் பேஜ் என்பார் 1887-இல் வெளியிட்ட கதைத் தொகுதி இவற்றுள் புகழ்பெற்றது. அதில் முதிய அடிமை ஒருவன் தன் பழைய எசமானரின் பெருமைகளைத் தன் கொச்சை மொழியிலேயே கண்ணீர் மல்க எடுத்துரைத்து, அடிமைக் காலமே பொற்காலம் என்கிறான். வடமொழி நாடகங்களில் அரசர் சமஸ்கிருதமும் பணியாட்கள் பிராகிருதமும் பேசுதல் மரபு என நாம் கற்றிருக்கிறோம். இஃது அத்தகைய மரபு மட்டுமன்று. பேசுவோன் சிந்திக்கத் தகுதியற்றவன் எனக் காட்டுதற்கே எழுத்துக்களைச் சிதைத்து அம்மொழியை அச்சிட்டனர். வாசகர் இருவகைக் கறுப்பரையே அறிந்திருந்தனர்: ஒருவன் சிரிப்பூட்டுவான், மற்றொருவன் எசமானருக்காக அழுவான். தனக்காக எண்ணுபவன், தனக்காகச் சினப்பவன் அக்கதைகளில் இலன். இக்கதைகளைப் படித்து மகிழ்ந்த அதே ஆண்டுகளில், விசாரணையேதுமின்றிக் கும்பல்கள் கறுப்பரைப் பிடித்து மரத்திற் கட்டித் தூக்கிலிட்டு வந்தன. 1892-ஆம் ஆண்டில் மட்டும் இங்ஙனம் மாண்ட கறுப்பர் நூற்றைம்பதின்மருக்கும் மேற்பட்டவர். ஏட்டிலே கண்ட பொம்மையை மனிதன் என்று நம்பியவர்க்கு, நேரிலே கண்ட மனிதன் பொம்மையாய்த் தோன்றினான் போலும்!

1895-ஆம் ஆண்டில், டொலீடோ நகரத்து நண்பர் இருவர் பொருளுதவி செய்ய, டன்பார் தம் இரண்டாம் நூலை அச்சிட்டார். அந்நூலின் பெயரே பெரியவை, சிறியவை என்னும் பொருள்படுவது. செந்நடை ஆங்கிலத்தில் இயற்றிய பாடல்களைப் பெரியவையாகவும், கொச்சை நடையிலும் நகைச்சுவையாகவும் இயற்றியவற்றைச் சிறியவையாகவும் அவர் பகுத்திருந்தார். தம் பாடல்களுள் எவை உயர்ந்தவை என அவரே கொண்ட மதிப்பு இதனால் விளங்கும். அந்நூலின் படி ஒன்று, அவ்வூருக்கு வந்திருந்த ஜேம்ஸ் ஹெர்ன் என்னும் நாடகாசிரியர் வாயிலாக வில்லியம் டீன் ஹவல்ஸிடம் சென்று சேர்ந்தது. ஹவல்ஸ் அந்நாளைய அமெரிக்கத் திறனாய்வாளருள் தலைமையானவர். அவரும் ஒஹையோவிற் பிறந்தவரே. அவர் ஒருவரைப் புகழ்ந்தால் நாடே படிக்கும்.

1896-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள், டன்பாருடைய இருபத்து நான்காம் பிறந்தநாளன்று, ஹார்ப்பர்ஸ் வீக்லி என்னும் வார இதழில் ஹவல்ஸின் மதிப்புரை வெளிவந்தது. வெளியூர் சென்று வீடு திரும்பிய டன்பாருக்குக் கடிதங்கள் கட்டுக் கட்டாகக் காத்திருந்தன. லிப்டிலே நின்ற இளைஞர் ஒரே வாரத்தில் நாடறிந்த கவிஞரானார். அவ்வாண்டிலேயே நியூயார்க் பதிப்பாளர் அவர் பாடல்களைத் தொகுத்து, ஹவல்ஸின் முன்னுரையுடன் அழகிய நூலாக வெளியிட்டனர்.

ஆனால் அம்மதிப்புரை என்ன கூறிற்று? அது முதலில் நூலிலிருந்த படத்தையே நோக்கிற்று. கவிஞரின் முகத்தோற்றத்தை விரித்து, கலப்பற்ற ஆப்பிரிக்கக் குருதியுடையார் ஒருவர் கவிதை இயற்றியது வியப்பே என்றது. செந்நடைப் பாடல்களைப் பற்றி, அவை நன்றாயினும் பிறரும் இயற்றக்கூடியவை என ஒதுக்கிற்று. கொச்சை நடைப் பாடல்களையே அவருக்கு உரிய தனிச்செல்வம் எனப் போற்றிற்று. பசிக்கும் உணர்ச்சிக்கும் இடைப்பட்ட வெளியே அவ்வினத்தார் உள்ளத்தின் எல்லை, அவ்வெல்லையை இக்கவிஞர் நயமாகக் காட்டுகிறார் என்பது ஹவல்ஸின் கருத்து. அவர் தீய எண்ணத்தால் இங்ஙனம் எழுதினார் என நான் கூறேன். கறுப்பினத்தார்பால் பரிவுடையவர் அவர். பிற்காலத்தில் அவர்தம் உரிமைக்கென எழுந்த அழைப்பிலும் கையொப்பமிட்டவர். எனினும் எல்லை வகுப்போர் பரிவோடு வகுத்தாலும் எல்லை எல்லைதானே. அதே ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள், இரயில் வண்டிகளில் வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் தனித்தனி இடம் ஒதுக்குதல் சட்டத்திற்கு ஒத்ததே என அமெரிக்க உயர்மன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஆறு வாரங்கள் சென்றபின் வந்த இம்மதிப்புரை, கவிதையுலகிலும் ஒரு தனிப்பெட்டியைக் காட்டி, அதில் ஏறிக்கொள்ளுமாறு டன்பாரை அன்போடு அழைத்தது என்றால் மிகையாகாது.

டன்பார் ஹவல்ஸுக்கு மனமார நன்றி எழுதினார். ஓராண்டு கழியுமுன் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், கொச்சைப் பாடல்களைக் குறித்து ஹவல்ஸ் இட்ட கட்டளையால் தமக்குத் தீராத தீங்கு விளைந்துவிட்டதென வருந்தினார். இரண்டும் உண்மையே. பதிப்பாளர் கொச்சைப் பாடலே கேட்டனர்; அரங்கத்தாரும் அதனையே கேட்டனர். அவர் தம் உள்ளத்து நுண்ணிய துயரங்களைச் செந்நடையிற் பாடத் தொடங்கினால், அவை முடியும்வரை பொறுத்திருந்து, பின்னர் அந்தச் சிரிப்புப் பாட்டைப் பாடுங்கள் என்பராம்.

கொச்சைப் பாடல்கள் யாவும் இழிந்தவை என்று எண்ணிவிடலாகாது. நான் அவற்றுள் சிலவற்றை மீண்டும் மீண்டும் படித்து மகிழ்ந்தவன். அடிமைக் காலத்துப் போதகர் ஒருவரின் பிரசங்கமாக அமைந்த பாட்டு ஒன்றுண்டு. பார்வோனுடைய கையினின்றும் இஸ்ரவேலரை மீட்க ஆண்டவர் மோசேயை அனுப்பிய வரலாற்றை அப்போதகர் விரித்துரைக்கிறார். விரித்துரைக்கும்போதே, தாம் வேதாகம காலத்தைத்தான் சொல்வதாகவும், இந்நாளைய செய்தி ஏதும் சொல்லவில்லையென்றும், யாரும் போய் எசமானரிடம் கோள் சொல்லவேண்டாமென்றும் இடையிடையே எச்சரிக்கை செய்கிறார். எச்சரிக்கை மிக மிக உட்பொருள் வெளிப்படுகிறது. கேட்கும் அடிமைகள் அறிவர், எசமானர் அறியார். மற்றொரு பாட்டில், இசை நூலைக் கையில் வைத்துக்கொண்டு பயின்று பாடும் சீமாட்டி, சமையலறையில் மலிண்டி என்னும் பணிப்பெண் பாடக் கேட்டால் நூலை மூடிவிட வேண்டியதுதான் என ஒருவன் கூறுகிறான். மலிண்டியின் பாட்டில் டன்பாருடைய தாயின் குரல் கேட்கிறது என்பர். இத்தகைய பாடல்களில், பேஜ் முதலியோர் கைக்கொண்ட அதே உளறல் மொழி, உளறலாக இராமல் சூழ்ச்சியும் பெருமிதமும் உடைய மொழியாகிறது. ஆனால் வாங்கிப் படித்த வெள்ளையர் பலர் இந்த வேறுபாட்டைக் காணவில்லை. காணாதபடி பதிப்பாளரும் துணை செய்தனர். 1898-இல் வெளிவந்த அவருடைய முதற் சிறுகதைத் தொகுதிக்குப் படம் வரைந்தவர், கறுப்பரை நகையாக வரைவதில் பெயர்பெற்ற கெம்பிள் என்பார். கதைக்குள்ளே மானமுள்ள மாந்தர் நடமாட, படத்திலே பழைய பொம்மைகள் பல்லிளிக்கும்.

டன்பார் தாமும் இதில் குற்றமற்றவர் அல்லர். அதே 1898-ஆம் ஆண்டில், வில் மாரியன் குக் என்னும் இசைவல்லார்க்காக ஓர் இசைக்கூத்திற்குப் பாடல் எழுதிக்கொடுத்தார். குக் ஜெர்மனிக்குச் சென்று உயர்ந்த இசை பயின்றவர். இருவருமாய் ஓரிரவில் ஆக்கிய அப்பாடல்களுள் சில, கோழித் திருட்டையும் அது போன்றவற்றையும் வைத்துச் சிரிப்பூட்டுபவை. குக்கின் தாயார், இதற்கோ மகனை அத்துணைத் தொலைவு அனுப்பிப் படிப்பித்தோம் எனக் கேட்டு அழுதாராம். அக்கூத்து நியூயார்க் பிராட்வேயில், கூரைமேல் அமைந்த அரங்கொன்றில், கறுப்பு நடிகர்களால் நடிக்கப்பெற்றுப் பெருவெற்றி பெற்றது. அதுகாறும் அவர்களுக்கு அடைத்திருந்த கதவு திறந்ததும் உண்மை. எப்பாட்டைப் பாடித் திறந்தனர் என்பதும் உண்மை. 1903-இல் வெளிவந்த அவருடைய தோட்டக் கதைகளிற் சில, பேஜ் எழுதியவையோ என ஐயுறும்படி எசமான பக்தி நிறைந்துள்ளன. பணமுடையும் பதிப்பாளர் விருப்பமும் காரணமாகலாம். எனினும் அவற்றைப் படிக்கையில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

இடையே நிகழ்ந்த வாழ்க்கைச் செய்திகளைச் சுருங்கக் கூறுவேன். 1897-இல் அவர் இங்கிலாந்து சென்று பல அவைகளிற் பாடினார். பொருளீட்டம் குறைவே, ஆயினும் ஆப்பிரிக்க வழித்தோன்றலாகிய சாமுவேல் கோலரிட்ஜ்-டெய்லர் என்னும் ஆங்கில இசையறிஞரின் நட்பைப் பெற்றார். அவர் டன்பாரின் பாடல்கள் சிலவற்றுக்கு இசை வகுத்தார். திரும்பி வந்ததும் வாஷிங்டன் நகரிலுள்ள காங்கிரஸ் நூல்நிலையத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. 1898-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், நியூ ஆர்லியன்ஸ் நகரத்து ஆசிரியையும் எழுத்தாளருமாகிய ஆலிஸ் ரூத் மூர் அம்மையாரை மணந்தார். பத்திரிகையில் அவ்வம்மையாரின் படத்தையும் கவிதையையும் கண்டு கடிதம் எழுதத் தொடங்கி, ஈராண்டுகள் கடிதத்தாலேயே வளர்ந்த காதல் அது.

கூட்டிலடைத்த பறவை சிறகடித்துக் குருதி சிந்துவதைப் பற்றி அவர் செந்நடையில் இயற்றிய பாட்டு இவ்வாண்டுகளுக்குரியது. வாஷிங்டனின் கோடை வெயிலில், நூலடுக்குகளின் இரும்புக் கம்பிகளுக்கு இடையே நாளெல்லாம் நின்று புழுங்கிய நிலையே அதற்குத் தூண்டுதல் என ஆலிஸ் அம்மையார் பின்னர் எழுதியுள்ளார். லிப்டின் கம்பிகளையும் நாம் இங்கே நினைத்துக்கொள்ளலாம். சிரிக்கும் முகமூடியை அணிந்து உள்ளத்தின் அழுகையை உலகிற்கு மறைக்கும் மக்களைப் பற்றிய பாட்டோ, 1895-ஆம் ஆண்டு நூலிலேயே உள்ளது. அதாவது ஹவல்ஸின் கண்முன்னேயே அப்பாட்டு இருந்தது. அதைப் படித்த பின்னரும் அம்முகமூடியையே முகமென அவர் போற்றினார்.

முகமூடியின்றி டன்பார் எழுதியவையும் உள. 1898-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வட கரோலினாவின் வில்மிங்டன் நகரில் வெள்ளையர் கும்பல் கறுப்பரைக் கொன்று நகராட்சியையும் கைப்பற்றியபோது, அவர் செய்தித்தாளிற் கடுஞ்சினத்தோடு எழுதினார். 1903-ஆம் ஆண்டு ஜூலையில், கறுப்பரை எரித்தும் அடித்தும் கொன்றுகொண்டே சுதந்திர நாள் கொண்டாடும் நாட்டின் முரண்பாட்டைச் சுட்டினார். குற்றமற்றவன் ஒருவனைத் தன் கிளையில் தூக்கிலிட்டதால் அக்கிளை பட்டுப்போன ஓக் மரம், தானே பேசுவதாக அவர் இயற்றிய பாட்டு எளிதில் மறக்கற்பாலதன்று.

அவர் எழுதிய நாவல்கள் நான்கு. முதல் நாவலாகிய அழைக்கப்படாதவர் வெள்ளை மாந்தரைப் பற்றியது. போதகராகுமாறு வற்புறுத்தப்பட்ட இளைஞன் ஒருவனின் கதை அது. தம் உள்ளத்தைப் பேச அவருக்கு வெள்ளை முகம் ஒன்று வேண்டியிருந்தது என்று சிலர் கூறுவர். வெள்ளையரைப் பற்றி எழுத இவருக்கு என்ன தெரியும் என்று அக்கால மதிப்புரையாளர் சிலர் குறைகூறினர். கறுப்பரைப் பற்றி எழுதிய வெள்ளையரை எவரும் அங்ஙனம் கேட்டிலர்!

1902-இல் நூலாக வந்த தெய்வங்களின் விளையாட்டு என்னும் நாவலே அவர் உரைநடையிற் சிறந்தது. பெரி ஹாமில்டன் என்பவன் தென்னாட்டுப் பிரபு ஒருவரிடம் நெடுநாள் உண்மையாய்ப் பணிசெய்து, சிறிது பணமும் சேர்த்து வைத்திருக்கிறான். பிரபுவின் தம்பி தன் பணத்தைத் திருட்டுக் கொடுத்ததாகப் பொய் சொல்ல, பழி பெரியின்மேல் விழுகிறது. பணியாளிடம் பணம் இருந்ததே குற்றத்திற்குச் சான்றாகிறது. பத்தாண்டுச் சிறை. மனைவியும் மக்களும் ஊராரால் ஒதுக்கப்பட்டு நியூயார்க் செல்கின்றனர். அங்கு மகன் குடியிற் கெட்டுக் கொலைகாரனாகிறான். மகள் கூத்து மேடைக்குச் செல்கிறாள். உண்மை வெளிப்பட்டுப் பெரி விடுதலையாகித் தன் மனைவியுடன் பழைய குடிசைக்கே திரும்புகிறான். பித்தேறிய பிரபுவின் அலறல் இரவுதோறும் எதிர்வீட்டிலிருந்து கேட்கிறது. பேஜ் பாடிய எசமானரும் அடிமையும் ஈற்றில் எந்நிலையில் எதிரெதிரே வாழ்கின்றனர் என்பதை இதைவிடக் கொடுமையாக எழுதியவர் அக்காலத்தில் இலர். தென்னாட்டிலிருந்து வடநாட்டு நகரங்களுக்குக் குடிபெயர்ந்த கறுப்பரின் வாழ்வை முதன்முதல் தீட்டிய நாவல்களுள் இதுவும் ஒன்று.

1899-ஆம் ஆண்டில் அவரை நிமோனியாக் காய்ச்சல் பற்றிற்று. அதன்பின் க்ஷயரோகம் வெளிப்பட்டது. மலைக்காற்றை நாடிக் கொலராடோ சென்றார். இருமலைத் தணிக்க அக்கால மருத்துவர் மதுவையும் பரிந்துரைத்தனர். அவரோ முன்னரே அதற்கு ஆட்பட்டவர். குடிவெறியில் மனைவியைக் கொடுமைப்படுத்தினார் என்பதை மறைத்தற்கில்லை. 1902-ஆம் ஆண்டு தொடக்கத்தில் நிகழ்ந்த கொடுமையோடு ஆலிஸ் அம்மையார் பிரிந்து சென்றார். அவர் எத்தனையோ கடிதம் எழுதியும் அம்மையார் திரும்பவில்லை. அடிபட்டவர் திரும்பாமையைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. அவ்வம்மையார் பிற்காலத்தில் எழுத்தாலும் பெண்கள் வாக்குரிமைத் தொண்டாலும் தமக்கெனப் பெயர் பெற்றார்.

1901-ஆம் ஆண்டில் பிளாரிடாவின் ஜாக்ஸன்வில் நகரில் தம் நண்பர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்ஸனின் வீட்டில் டன்பார் சில வாரங்கள் தங்கியிருந்தார். அப்போது அவர் மனம் விட்டுப் பேசியவற்றை ஜான்ஸன் பின்னர் எழுதிவைத்தார். தமக்கென ஒரு செவி கிடைத்தற்காகவே கொச்சையிற் பாடத் தொடங்கியதாகவும், செவி கிடைத்தபின் வேறொன்றும் கேட்க அவர்கள் விரும்பவில்லை என்றும், தாம் பாட எண்ணியவற்றைப் பாடவேயில்லை என்றும் டன்பார் வருந்தினாராம். அதனைக் கேட்ட ஜான்ஸன், கறுப்பர் பேச்சாகப் பிறர் வகுத்து வைத்த அக்கொச்சை நடையில் நகைப்பும் இரக்கமும் ஆகிய இரண்டு சுருதிகளே உண்டு என்னும் முடிவுக்கு வந்தார். 1922-இல் தாம் தொகுத்த கவிதை நூலின் முன்னுரையில் அக்கருத்தை விரித்து எழுதினார். அதன்பின் வந்த இளங்கவிஞருள் லாங்ஸ்டன் ஹியூஸ் போன்றோர் தெருப்பேச்சையும் தொழிலாளர் இசையையும் கையாண்டு, எவருடைய அனுமதியும் வேண்டாது பாடினர்.

கடைசி ஆண்டுகளில் டன்பார் டேட்டனுக்கே திரும்பி, தாய்க்கென ஒரு வீடு வாங்கி அதில் வாழ்ந்தார். 1906-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 9-ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார். மெட்டில்டா அம்மையார் மகனுடைய அறையை, மேசையும் நூல்களும் இருந்தபடியே, 1934-இல் தாம் இறக்கும்வரை காத்துவந்தார். அவ்வீடு பின்னர் நினைவில்லமாயிற்று. வாஷிங்டனில் ஓர் உயர்தரப் பாடசாலை 1916 முதல் அவர் பெயர் தாங்கி விளங்குகிறது. கூட்டுப்பறவைப் பாட்டிலிருந்து எடுத்த ஓர் அடியை மாயா ஏஞ்சலு அம்மையார் 1969-இல் தம் வாழ்க்கை வரலாற்றிற்குத் தலைப்பாக்கினார். அதனால் டன்பாரின் பெயரறியாதாரும் அவ்வடியை அறிவர்.

டேட்டனின் உட்லண்டு கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. தாம் இறந்தால் வில்லோ மரத்தடியிற் புல்லிடையே கிடத்துமாறு அவர் ஒரு பாட்டிற் கேட்டிருந்தார். தாயார் அதற்கிணங்கக் கல்லறையருகே அம்மரம் ஒன்றை நட்டார். கல்லின்மேல் அப்பாட்டின் வரிகளைப் பொறித்துள்ளனர். அப்பாட்டு கொச்சை நடையில் அமைந்தது.